இணையத்தளச் சோதனையில் கிடைக்கும் உபரி வருமானம்: ஈசூன் குடும்பத்தலைவி ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீட்டில் இருந்தபடியே இணையத்தளங்களையும் கைப்பேசிச் செயலிகளையும் பயன்படுத்திப் பார்த்து, அப்போது மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொன்னால் பணம் தருவார்களாமே, உண்மையா என்று என்னிடம் கேட்கும் தமிழ் நண்பர்கள் பலர். உண்மைதான், தருவார்கள். ஆனால் அந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது, யாருக்குக் கிடைக்கிறது, ஏன் பலருக்கு ஓரிரு முறைக்குமேல் கிடைப்பதில்லை என்பது தெரியாமல் இறங்குகிறவர்கள் சில வாரங்களிலேயே சலித்து விலகிவிடுகிறார்கள். சிலர் இதே பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் மோசடிக்காரர்களிடம் கையிருப்பையும் பறிகொடுக்கிறார்கள். ஒருவருடைய அனுபவத்தைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்த்தால் இவற்றுக்கு விடை கிடைக்கும் என்பதால் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

ஆய்வுக்கு உரியவர் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும், நாற்பதுகளின் நடுப்பகுதியில் உள்ள ஒரு பெண்மணி. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர். ஒரு சரக்கு நிறுவனத்தில் அரைநாள் எழுத்தர் வேலை பார்க்கிறார். மூத்த மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இளைய மகள் உயர்நிலைப் பள்ளியிலும் படிக்கிறார்கள். மாமியார் உடன் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் முழுநேர வேலையை விட்டார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், எங்கள் புளோக்கில் எல்லாரும் அழைப்பதுபோல அவரை இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறேன். நான் அதே புளோக்கில் வசிப்பவன். ஒரு நிறுவனத்தின் பயனர் ஆய்வுப் பிரிவில் பணியாற்றுபவன். சோதனையாளர்கள் அனுப்பும் பதிவுகளைப் பார்த்து, எது பயன்படும், எது பயன்படாது என்று தீர்மானிப்பது என் அன்றாட வேலையின் ஒரு பகுதி. ஆகவே இந்தத் தொழிலின் இரு கரைகளையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

பணம் கொடுப்பவர்களும் இருக்கைகளின் எண்ணிக்கையும்

ஒரு வங்கியோ கடையோ மருத்துவமனையோ தன் இணையத்தளத்தை மாற்றியமைக்கும்போது, அதை உருவாக்கியவர்களின் கண்ணுக்குப் படாத இடர்ப்பாடுகளைப் புதியவர் ஒருவர்தான் காட்டித்தர முடியும். உருவாக்கியவருக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரியும். அதனால் அவர் எங்கும் தயங்குவதில்லை. ஒரு பொருள் பயன்படுத்தத் தக்கதா என்பதை, நினைத்த காரியம் முடிகிறதா, எவ்வளவு சிரமத்தில் முடிகிறது, முடித்தவருக்கு மனநிறைவு உண்டா என்ற மூன்று கோணங்களில் அளக்க வேண்டும் என்று 1998-இல் வெளிவந்து 2018-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 என்னும் அனைத்துலகத் தரநிலை கூறுகிறது. இந்த மூன்றையும் அறைக்குள் உட்கார்ந்து ஊகித்துவிட முடியாது. அதனால் நிறுவனங்கள் இடைநிலை நிறுவனங்களை நாடுகின்றன. 2007-இல் தொடங்கப்பட்ட யூசர்டெஸ்டிங், டிரைமாட்டா, யூசர்லிட்டிக்ஸ், யூசர்பிரெய்ன் போன்றவை அத்தகையவை. அவை உலகெங்கும் பதிவு செய்துகொண்ட சோதனையாளர்களிடம் பணியை அனுப்பி, திரைப்பதிவையும் குரல்பதிவையும் வாங்கித் தருகின்றன.

இந்த வருமானத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும், அது 5. பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு சோதனையாளர் சராசரியாக ஒரு தளத்தில் உள்ள குறைகளில் 31 விழுக்காட்டைக் கண்டுபிடிக்கிறார். அடுத்தவர் கண்டுபிடிப்பவற்றில் ஒரு பகுதி முன்னவர் கண்டவையாகவே இருக்கும். அதற்கடுத்தவருக்குப் புதிதாகக் கிடைப்பது இன்னும் குறைவு. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்து பேர் முடிக்கும்போது ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குறைகள் வெளியே வந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் நீல்சன் இதை வலியுறுத்தி எழுதிய பிறகு, ஐந்து பேரை வைத்து ஒரு சுற்றுச் சோதனை என்பது துறையின் பழக்கமாகவே ஆகிவிட்டது. பலவகைப் பயனர்கள் உள்ள சேவைக்கு ஐந்து பேர் போதாது என்ற மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் செலவைப் பார்க்கும் நிறுவனங்கள் சிறிய எண்ணிக்கையோடுதான் தொடங்குகின்றன.

இதன் விளைவு சோதனையாளரின் சட்டைப்பையில் தெரிகிறது. ஒரு பணிக்கு ஐந்து முதல் பத்து இருக்கைகளே இருக்கும். அதற்குப் பதிவு செய்தவர்களோ ஏராளம். பணி திரையில் தோன்றிய சில நிமிடங்களில் இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. எவ்வளவு நேரம் ஒதுக்கத் தயாராக இருந்தாலும், எவ்வளவு திறமை இருந்தாலும், வருமானத்தின் உச்சவரம்பை வகுப்பது இந்தச் சிறிய எண்தான். இதை மாதச் சம்பளம்போல எண்ணித் திட்டமிடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

முதல் கட்டம்: தகுதிகாண் வினாக்கள்

அக்கா தம் மகனின் பழைய மடிக்கணினியில் மூன்று இடைநிலை நிறுவனங்களில் பதிவு செய்துகொண்டு, அவை வைத்த மாதிரிச் சோதனைகளையும் முடித்துவிட்டுக் காத்திருந்தார். பணிகள் வரத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் ஸ்கிரீனர் எனப்படும் தகுதிகாண் வினாக்கள் நின்றன. இரண்டு மூன்று கேள்விகளுக்கு விடை சொன்னதும், தங்கள் சுயவிவரம் இந்தப் பணிக்குப் பொருந்தவில்லை என்று நன்றி கூறி மூடிவிடுவார்கள். அந்த நேரத்திற்குக் கூலி கிடையாது. ஒரு மாலை, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

“தம்பி, கடந்த ஆறு மாதத்தில் கார் காப்புறுதி வாங்கினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மூடிவிட்டார்கள். ஆமாம் என்று போட்டிருந்தால் பத்து டாலர் வந்திருக்குமே?”

“போட்டிருந்தால் உள்ளே போயிருப்பீர்கள் அக்கா. பிறகு அந்தக் காப்புறுதியைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். என்ன பேசுவீர்கள்?”

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வாகன உரிமைச் சான்றிதழின் விலையால் சொந்தக் கார் வைத்துக்கொள்ளாத குடும்பங்களே நிறைந்த ஊரில், கார் காப்புறுதி பற்றிய கேள்வி பலரையும் வெளியேற்றவே செய்யும். ஆனால் பொய் விடை சொல்லி உள்ளே போகிறவரின் பதிவை ஆய்வாளர் பார்க்கும்போது, முதல் சில நிமிடங்களிலேயே சாயம் வெளுத்துவிடுகிறது. காப்புறுதியைப் புதுப்பித்தவர் தம் பழைய பிரிமியத்தையும் உரிமைகோரல் இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியையும் தேடுவார். புதுப்பிக்காதவர் பொதுப்படையாக ‘நன்றாக இருக்கிறது’ என்பார். அப்படிப்பட்ட பதிவுகளை நான் பார்த்ததும் ஒதுக்கிவிட்டு, குறைந்த மதிப்பெண் கொடுத்து மாற்று ஆள் கேட்பேன். ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை ஆய்வாளர்கள் கொடுக்கும் இந்த மதிப்பெண் சரிந்தால், அடுத்த பணிகள் கண்ணில் படுவதே குறைந்துவிடும். திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கையே மூடுவார்கள்.

நான் அக்காவுக்குச் சொன்ன வழி வேறு. தம்மைப் பற்றிய விவரப் பக்கத்தை அவர் பெயரளவுக்கே நிரப்பியிருந்தார். அதை உட்கார்ந்து முழுமையாக நிரப்பினோம். முதிய மாமியாரைப் பராமரிக்கிறார்; பலதுறை மருந்தகச் சந்திப்புகளை அவரே முன்பதிவு செய்கிறார்; வீட்டின் மின்சார, தண்ணீர்க் கட்டணங்களை அவரே செலுத்துகிறார்; தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள உறவினர்களுக்குச் செயலி மூலம் பணம் அனுப்புகிறார்; ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கிறார்; தமிழும் ஆங்கிலமும் பேசுகிறார். இவையெல்லாம் அவருக்குச் சாதாரணம். பராமரிப்பாளரைத் தேடும் மருத்துவச் சேவைக்கும், தொழிலாளிகளையும் குடும்பத்தினரையும் நம்பியிருக்கும் பணம் அனுப்பும் நிறுவனத்திற்கும் இவைதான் வேண்டும். விவரத்தைத் திருத்திய பிறகு அழைப்புகள் எண்ணிக்கையில் கூடினவா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், வந்த அழைப்புகளில் அவர் வாசலைத் தாண்டி உள்ளே போனவை தெளிவாகக் கூடின.

ஒத்திகையில் கண்டது

உண்மையான பணிகளின் பதிவை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது சோதனையாளர் ஒப்புக்கொள்ளும் விதி. ஆகவே அக்கா செய்த எந்தப் பணியையும் நான் பார்க்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால், பொதுவில் திறந்திருக்கும் ஒரு வெளிநாட்டு வீட்டுப்பொருள் கடையின் தளத்தில் ஒத்திகை ஒன்று நடத்தினோம். மின்கெண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வருவிக்கும் கட்டம் வரை போய், பணம் செலுத்துவதற்கு முன் நிறுத்த வேண்டும், இதுதான் பணி.

முதல் முறை அவர் அமைதியாகவே செய்தார். அவ்வப்போது ‘ம்’ என்றார். முடிவில், “முடிந்தது தம்பி, நல்ல தளம்தான்” என்றார். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, சுட்டி இரண்டு இடங்களில் வட்டமிட்டு நின்றது தெரிந்தது. அந்தத் தயக்கத்திற்குத்தான் நிறுவனம் பணம் கொடுக்கிறது. அக்கா அதை விழுங்கிவிட்டு, விலைபோகாத ஒரு பாராட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார். இது அவருடைய குறை என்று நான் கருதவில்லை. ஒரு காரியம் நம்மால் முடியவில்லை என்றால் நமக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொள்ளவும், பிறர் பொருளைக் குறை சொல்லாமல் இருக்கவும் பழகியவர்கள் நாம். சோதனையில் அந்தப் பழக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

நினைப்பதை உரக்கச் சொல்லும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. உளவியல் ஆய்வில் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980-இல் இதன் அடிப்படைகளை வரையறுத்தார்கள். கணினிப் பயன்பாட்டுச் சோதனைக்கு இதை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் 1982-இல் கொண்டுவந்தார். எரிக்சனும் சைமனும் வற்புறுத்திய ஒரு வேறுபாடு சோதனையாளர்களுக்கு மிகவும் பயன்படும். அந்த நொடியில் மனத்தில் ஓடுவதைச் சொல்வது ஒன்று. ஏன் அப்படிச் செய்தோம் என்று காரணம் கற்பித்து விளக்குவது வேறொன்று. முன்னது நடப்பதைக் குலைக்காமல் வெளிப்படுத்தும். பின்னது சொல்பவரின் சிந்தனையையே வேறு பாதைக்குத் திருப்பிவிடும். சோதனையாளர்களில் சிலர், வண்ணம் மென்மையாக இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும் என்று வடிவமைப்பாளரைப்போல உரை நிகழ்த்துகிறார்கள். அதற்குப் பெரிய பயன் இல்லை. எதைப் பார்க்கிறேன், எது நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், என்ன நடந்தது: இந்த மூன்றையும் ஓட்டத்தில் சொல்லிக்கொண்டு போனால் போதும்.

இரண்டாம் முறை அக்கா பேசினார். அவர் சொன்னதில் ஒரு பகுதியை, அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

“விலை இருக்கிறது. அனுப்பும் செலவு எவ்வளவு என்று தேடுகிறேன்... இங்கே இல்லை. கூடையில் போட்டால் தெரியும் என்று நினைக்கிறேன். போட்டுவிட்டேன். இப்போதும் இல்லை. முகவரி கொடுத்தால்தான் சொல்வார்கள்போல. எனக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்றால் மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் என் விவரத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டில் தனியாக இருந்தால் இந்த இடத்தில் மூடிவிட்டுத் தேக்காவில் போய் வாங்கியிருப்பேன்.”

கடைசி வாக்கியம் ஒரு கடைக்காரருக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். வாடிக்கையாளர் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் கைவிட்டுப் போகிறார் என்பது அதில் இருக்கிறது. இப்படி ஒரே ஒரு வாக்கியம் அடங்கிய அரை நிமிடத் துண்டை வெட்டியெடுத்து மேலாளர் கூட்டத்தில் போட்டுக்காட்டி, பல வாரங்களாக நடந்த விவாதத்தை முடித்த அனுபவம் எனக்கு உண்டு.

பெயரும் முகவரியும்

ஒத்திகை அடுத்த பக்கத்துக்குப் போனதும், சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரால் மட்டும் காட்டித்தரக்கூடிய குறைகள் வரிசையாக வெளிவந்தன. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அக்காவின் வருமானம் பிற்பாடு உயர்ந்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயர். தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கியிருந்தது. அக்காவின் அடையாள அட்டையில் அவர் பெயர், அதன்பின் ‘டி/ஓ’ என்ற குறி, அதன்பின் தந்தையின் பெயர் என்றுதான் இருக்கிறது. குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அவர் தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டால், பொருள் வீட்டுக்கு வந்து சேரும் நாளில் பொட்டலத்தின்மேல் அப்பாவின் பெயர் இருக்கும். அட்டையில் உள்ளபடியே சாய்கோட்டோடு தட்டினால், ஏற்கப்படாத குறி உள்ளது என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று பெயரில் உடைய எல்லாருக்கும் விமானச்சீட்டு முன்பதிவிலிருந்து காப்புறுதிப் படிவம் வரை இந்தத் தொல்லை பழகிப்போனதுதான். பழகிப்போனதால்தான் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை.

அடுத்து முகவரி. நகரம், மாநிலம் என்ற கட்டங்கள் காலியாக இருந்தால் படிவம் நகர மறுத்தது. மாநிலமே இல்லாத நாட்டில் அங்கே என்ன எழுதுவது? அக்கா நகரம், மாநிலம், நாடு ஆகிய மூன்று கட்டங்களிலும் சிங்கப்பூர் என்றே எழுதினார். புளோக் எண்ணுக்குத் தனி இடம் இல்லை. வீட்டு எண்ணுக்கு முன்னால் நாம் போடும் # குறியையும் படிவம் ஏற்கவில்லை. அதை எடுத்துவிட்டால் 08 என்ற மாடி எண்ணும் வீட்டு எண்ணும் எதைக் குறிக்கின்றன என்று புரியாமல் போய்விடும். இத்தனைக்கும் 1995 முதல் நம்மிடம் உள்ள ஆறிலக்க அஞ்சல் குறியீடு ஒவ்வொரு வீவக புளோக்கையும் தனித்தனியாக அடையாளம் காட்டும் அளவுக்குத் துல்லியமானது. குறியீட்டை முதலில் கேட்டிருந்தால் மீதி முகவரியின் பெரும்பகுதி தானாகவே நிரம்பியிருக்கும். “அஞ்சல் குறியீட்டை முதலில் கேட்டிருந்தால் நான் இவ்வளவு தட்ட வேண்டியதில்லை” என்று அக்கா சொன்னபோது, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதும் பரிந்துரையை அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரில் விற்க வரும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இந்த ஒரு பக்கத்தின் பதிவு பெருமதிப்புடையது. அது போலவே தமிழில் சேவை வழங்க முனைகிறவர்களுக்கும். தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பொதுச் சேவைகளின் அறிவிப்புகளும் செயலிகளும் தமிழிலும் வருகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருந்த பொத்தானுக்குத் தமிழில் பதினைந்து எழுத்துகள் தேவைப்படும்போது, எழுத்து அடுத்த வரிக்கு இறங்கி, கொம்பும் சுழியும் வெட்டுப்பட்டு நிற்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்த சோதனையாளரால் இதைக் காண முடியாது. அக்காவுக்கு முதலில் கிடைத்த நேரடி உரையாடல் பணி, ஒரு சேவையின் தமிழ்ப் பக்கங்களைப் பற்றியது. ஆய்வாளர் மறுமுனையில் இருந்து காணொளி வழியே கேட்க, அக்கா திரையைப் பகிர்ந்தபடி தமிழில் படித்து, எது விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று சொன்னார். மாமியாருக்கு அந்த வாசகம் புரியுமா என்று கேட்டபோது, பக்கத்து அறையில் இருந்த மாமியாரை நினைத்துக்கொண்டு அவர் விடை சொன்னாராம்.

கைக்கு வந்த பணம்

இருபது நிமிடம் அளவிலான, தனியாகச் செய்து அனுப்பும் சோதனைக்கு 10 அமெரிக்க டாலர் என்பது இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம். ஐந்து நிமிடச் சிறு பணிகளுக்கு 3 முதல் 5 டாலர் கிடைக்கும். நேரடி உரையாடலுக்கு ஒரு மணி நேரத்துக்கு 60 டாலர் அளவிலும், சிறப்புத் துறையினருக்கு அதற்கு மேலும் தருவதுண்டு. பணம் பெரும்பாலும் பேபால் கணக்கில், பணி முடிந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து வந்து சேரும். அதைச் சிங்கப்பூர் நாணயமான வெள்ளியாக மாற்றி வங்கிக்குக் கொண்டுவரும்போது நாணய மாற்றத்துக்காக ஒரு பங்கு கழியும். சிறு சிறு தொகையாக மாற்றாமல், ஓரளவு சேர்ந்த பிறகு மாற்றுவதே நல்லது.

இருபது நிமிடத்துக்குப் பத்து டாலர் என்றால் மணிக்கு முப்பது டாலர் என்று கணக்குப் போட்டு மகிழ்கிறவர்கள், ஸ்கிரீனர்களில் கழியும் நேரத்தையும் பணிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அதில் சேர்ப்பதில்லை. அக்காவுக்குத் தொடக்க மாதங்களில் இருபது டாலரை ஒட்டித்தான் கிடைத்தது. விவரப் பக்கத்தைத் திருத்தி, உரக்கப் பேசப் பழகி, மதிப்பெண் உயர்ந்த பிறகு, நேரடி உரையாடல் ஒன்று அமையும் மாதத்தில் நூறு டாலரைத் தாண்டுகிறது. ஒன்றும் அமையாத மாதங்களும் உண்டு. வீட்டின் இணையக் கட்டணத்தையும் வட்டாரப் பராமரிப்புக் கட்டணத்தையும் இந்தப் பணத்திலிருந்து கட்டுவது என்று அவர் முடிவுசெய்து வைத்திருக்கிறார். வராத மாதத்தில் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். மகனின் கல்விக் கட்டணத்தை இதை நம்பி வைக்கவில்லை. அது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் செய்தி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள நிறுவனங்கள் பணிகளை வெளியிடுவது அவர்களுடைய பகல்பொழுதில், அதாவது நமக்கு மாலையிலும் இரவிலும். பிள்ளைகள் படிக்கும் நேரமும் சமையல் நேரமும் அதுவே. கீழ்த்தளத்தில் விசேஷம் நடக்கும் நாளிலும், மேல்வீட்டில் புதுப்பிப்பு வேலை நடக்கும் பகலிலும் ஒலிப்பதிவு உருப்படாது. அக்கா படுக்கையறைக் கதவை மூடிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஒலிவாங்கி உள்ள செவிப்பொறியை மாட்டிக்கொண்டு பேசுகிறார். விசிறியின் இரைச்சல் குரலை எவ்வளவு மறைக்கிறது என்பது பதிவைக் கேட்பவர்களுக்குத்தான் தெரியும். நல்ல உள்ளடக்கம் கொண்ட பதிவுகளை அதனாலேயே நான் பயன்படுத்த முடியாமல் போனதுண்டு.

அனுமதி, வரி, மோசடி

இந்த ஆய்வைப் படித்துவிட்டுப் பதிவு செய்ய நினைக்கிறவர்கள், தமக்குச் சிங்கப்பூரில் வேலை செய்ய எந்த அடிப்படையில் அனுமதி இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அக்கா குடியுரிமை உள்ளவர் என்பதால் அவருக்குத் தடையில்லை, நிரந்தரவாசிகளுக்கும் அப்படியே. வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்கள் சீட்டில் குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்யலாம். கணவரோடு அல்லது மனைவியோடு வந்து சார்ந்திருப்போர் அனுமதியில் வசிப்பவர்கள் 2021 மே 1 முதல், வேலை செய்ய வேண்டுமானால் தமக்கென்று முறையான வேலை அனுமதி பெற வேண்டும். மடிக்கணினியில் வீட்டிலிருந்து செய்வதுதானே, பணம் வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது என்ற எண்ணத்தில் யாரும் இறங்கிவிடக் கூடாது. மனிதவள அமைச்சிடம் தம் நிலையைச் சொல்லிக் கேட்டுத் தெளிந்த பிறகே தொடங்க வேண்டும். நூறு டாலருக்காகக் குடும்பத்தின் தங்கும் உரிமையைப் பணயம் வைக்க இடமில்லை. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இந்த விதியால் கட்டுண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் விதி அதுதான்.

வரியைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் இருந்துகொண்டு செய்யும் வேலைக்குக் கிடைக்கும் பணம் இங்கே ஈட்டிய வருமானமே. தொகை சிறியது என்பதற்காக அதை வருமானக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. மின்னியல் முறையில் ஏப்ரல் 18-க்குள் செய்யும் அறிவிப்பில் சேர்க்க வேண்டும். சொந்தத் தொழில் வழியாக வரும் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக்கான பங்களிப்பும் உண்டு. அக்காவின் வருமானம் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனாலும் எழுத்தராக இருப்பவருக்கே உரிய ஒழுங்கோடு, தேதி, நிறுவனம், டாலர், வெள்ளி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்.

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். அதில் வேலை மோசடிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இணையத்தளங்களைச் சோதித்து மதிப்பெண் போட்டால் நாளொன்றுக்கு முந்நூறு வெள்ளி என்றார்கள். பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேரச் சொன்னார்கள். இவர்களுடைய வழி எப்போதும் ஒன்றே. முதலில் சில வெள்ளியைப் பேநவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் உண்மையாகவே அனுப்பி நம்பவைப்பார்கள். பிறகு உயர்நிலைப் பணிகளைத் திறக்க முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணமும் சேர்ந்த கூலியும் திரையில் எண்ணாகத் தெரியும், கைக்கு வராது. உண்மையான சோதனையில் சோதனையாளர் யாருக்கும் ஒரு காசும் கட்டுவதில்லை, பணி வாட்ஸ்அப்பில் வருவதில்லை, குரலும் திரையும் பதிவாகாமல் வெறும் நட்சத்திரம் போடுவதற்கு யாரும் முந்நூறு வெள்ளி கொடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

முறையான சோதனையிலும் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. திரை பதிவாகிக்கொண்டிருக்கும்போது மேலே தோன்றும் குறுஞ்செய்தியும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும், பிள்ளையின் படமும் பதிவோடு போய்விடும். அக்கா இப்போது பதிவைத் தொடங்குமுன் கைப்பேசியின் அறிவிப்புகளை நிறுத்திவிடுகிறார். உலாவியில் சோதனைக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார். படிவத்தில் கேட்கும் விவரங்களுக்குப் பணிக்குறிப்பு அனுமதிக்கும் இடங்களில் கற்பனை விவரங்களையே கொடுக்கிறார். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமாகிய சிங்பாஸ் கொண்டு உள்ளே நுழையச் சொன்ன ஒரு பணியை அவர் பாதியில் விட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பினார். அந்தப் பணிக்குப் பணம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். சிங்பாஸுக்குப் பின்னால் இருப்பது ஒருவரின் மருத்துவக் குறிப்பும் மத்திய சேம நிதியும் வரிக் கணக்கும். பத்து டாலருக்கு அவற்றின் வாசலைப் பதிவில் திறந்துகாட்ட முடியாது.

இப்போது அவர் மூன்று டாலர் பணிகளை எடுப்பதில்லை. மாமியார் தூங்கும் பிற்பகலிலும், மகள் துணைப்பாடத்திற்குப் போயிருக்கும் மாலையிலும் மட்டும் பட்டியலைத் திறந்து பார்க்கிறார். மருத்துவச் சந்திப்பு, பணம் அனுப்புதல், தமிழ்ப் பக்கம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் உட்காருகிறார். இல்லையென்றால் மடிக்கணினியை மூடிவிடுகிறார். அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக் நடத்தும் டெக் காக்கி என்ற குடிமக்கள் குழுவில் சேர்ந்து, அரசாங்கச் செயலிகளின் தமிழ்ப் பக்கங்களையும் பார்த்துச் சொல்ல விரும்புவதாகச் சென்ற வாரம் கூறினார். அதற்கான பதிவுப் பக்கத்தை அனுப்பிவைத்திருக்கிறேன்.